காசநோயும் போக்காடும்

ஒரு நாட்டிலோ ஒரு வீட்டிலோ தீங்கு நேருமாயின், அதன் காரணத்தை ஆராயுமுன் அதற்குரிய குற்றவாளியைத் தேடுவது மக்களின் பழைய இயல்பு. காரணங்கள் பெரும்பாலும் பலவாய், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்தறிதற்குப் பொறுமை வேண்டும். குற்றவாளியோ ஒருவனாய், கைக்கு எட்டுபவனாய் இருப்பான். அவனைச் சுட்டிக் காட்டிய அளவிலேயே மனம் ஆறுதல் கொள்கின்றது. லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தைப் படித்தோர் போக்காட்டை அறிவர். ஆசாரியன் சபையாரின் குற்றங்களையெல்லாம் ஓர் ஆட்டின் தலைமேற் சுமத்தி, அதனை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் செய்வான். அச்சடங்கின் சமயப் பொருள் ஆழ்ந்தது. அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோமல்லோம். நோய்களைப் பற்றி எண்ணும்போதும் மனிதர் தமக்கென ஒரு போக்காட்டைத் தேடிக்கொள்கின்றனர் என்பதே யாம் கூறவந்தது.

இதற்கு விலங்கினத்துக் காசநோய் தக்க சான்றாகும். ஆமாடு, எருமை, மான், ஆடு முதலிய உயிர்களிடத்து வாழும் காசநோய்க் கிருமிகள் ஓர் உயிரினின்று மற்றோர் உயிருக்கு எவ்வாறு செல்கின்றன என்பதை அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். தமிழ் பயிலும் மாணவர் இப்பொருளிற் புகுதல் மிகையெனச் சிலர்க்குத் தோன்றலாம். நோயைத் தீர்த்தல் மருத்துவர் தொழில், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அந்நோயின் பொருட்டு யார்மீது பழி சுமத்துவது, யாருடைய பொருளை எடுப்பது, எவ்வுயிரைக் கொல்வது என்பன நாட்டார் எல்லாரும் சிந்தித்தற்குரியன. எந்த உயிரை ஒழிப்பது என்று கேட்குமுன், எந்த வழியை அடைப்பது என்று கேட்கவேண்டும் என்பதே எம் கருத்து. அவ்வாறு கேட்போர், நோய் சென்ற வழிகளுட் பல மனிதரே வெட்டி வைத்தவை என்பதைக் காண்பர்.

முதற்கண் இந்நோயின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். காசநோய்க்குக் காரணமான நுண்கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் 1882ஆம் ஆண்டு பெர்லின் நகரில் உலகுக்கு அறிவித்தார். மனிதரைப் பற்றும் கிருமியும் மாட்டைப் பற்றும் கிருமியும் ஒன்றேயல்ல, நெருங்கிய உறவுடைய இருவகை என்பதை அமெரிக்கராகிய தியோபால்டு ஸ்மித் 1898இல் நிறுவினார். இவ்விரண்டாவதனை இக்காலத்தார் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்பர். 1901இல் லண்டனில் கூடிய காசநோய் மாநாட்டில் காக், மாட்டுக் காசநோய் மனிதரைப் பற்றுதல் மிக அரிது. ஆதலின் அதனைத் தடுக்க ஏற்பாடுகள் வேண்டுவதில்லை என்று கூறினார். அவர் புகழோ உலகளாவியது. ஆயினும் அவ்வவையிலேயே லிஸ்டர் பிரபு அக்கொள்கையை ஐயுற்று மறுத்துரைத்தார். ஆங்கில அரசினர் உடனே ஓர் ஆணைக்குழுவை அமைத்தனர். அக்குழு பத்தாண்டுகள் உழைத்து, 1911இல் தன் முடிவை வெளியிட்டது: மாட்டுக் காசநோய் மனிதர்க்கு, சிறப்பாகக் குழந்தைகட்கு, பாலின் வாயிலாகத் தொற்றுகின்றது என்பதே அம்முடிவு. பேரறிஞர் சொல்லாயினும் சோதித்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் கறவை மாடுகள் காற்றோட்டம் குறைந்த கொட்டில்களில் நெருக்கமாய்க் கட்டப்பட்டன. பால் காய்ச்சப்படாமலே நகரங்கட்குச் சென்றது. அதனைப் பருகிய சிறுவர்க்குக் கழுத்தில் கண்டமாலை தோன்றிற்று. பலர்க்கு எலும்பும் மூட்டும் குடலும் பழுதுற்றன. 1930களிலும் மாட்டுக் காசநோயால் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தனர் என்பது அக்காலத்தார் மதிப்பு. இத்தனைக்கும் பாலை 63 பாகை வெப்பத்தில் அரைமணி நேரமோ, 72 பாகை வெப்பத்தில் 15 விநாடியோ வைத்திருந்தால் அக்கிருமி மாளும். பாலைச் சூடாக்கினால் அதன் சத்தும் சுவையும் கெடும் என்று வாதாடிப் பலர் இச்சிறிய செயலைப் பல்லாண்டுகள் தடுத்துவந்தனர். அங்கே குழந்தைகளைக் கொன்றது பசுவா, அவ்வாதமா என்று கேட்பதில் தவறில்லை.

இனி, கிருமி செல்லும் வழிகளைக் காண்போம். அவற்றுள் தலையாயது மூச்சு. நோயுற்ற மாடு இருமும்போது அதன் நுரையீரலினின்று வெளிப்படும் நுண்டுளிகளில் கிருமி மிதக்கும். ஒரே கூரையின்கீழ் மூக்கோடு மூக்கு உராயக் கட்டப்பட்ட மற்றொரு மாடு அதனை உள்வாங்கும். இவ்வழியில் மிகச் சில கிருமிகளே நோயை உண்டாக்கப் போதும். இரண்டாவது வழி வாய்: நோயுற்ற தாயின் பாலைக் கன்று குடித்தல், கோழையும் சாணமும் சிறுநீரும் பட்ட தீனியையும் தண்ணீரையும் உட்கொள்ளுதல். இவ்வழியில் நோய் பற்றுதற்கு மிகுந்த கிருமிகள் வேண்டும். அக்கிருமி மெழுகு போன்ற போர்வையை உடையது. ஆதலின் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் நெடுநாள் உயிரோடிருக்கும். கதிரவன் ஒளிபடின் விரைவில் அழியும். இவற்றினும் கொடியது இதன் மெதுநடை. நோய்கொண்ட மாடு பல திங்கள், சிலபோது பல்லாண்டுகள், கொழுத்தும் மினுங்கியும் பால் கறந்துமிருக்கும். அதனைச் சந்தையில் விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான்.

இந்நிலையில் போக்காட்டைத் தேடுவோர் கதை தொடங்குகின்றது. இங்கிலாந்தில் எல்லா மாட்டுப் பட்டிகளையும் சோதித்து, நோயுற்றனவற்றைக் கொன்று, உடையார்க்கு இழப்பீடு தரும் திட்டம் 1960இல் நாடு முழுவதும் பரவிற்று. நோய் பெரிதும் குறைந்தது. ஆனால் தென்மேற்கு மூலையில் முற்றும் ஒழிந்திலது. 1971இல் கிளாஸ்டர்ஷயரில் இறந்து கிடந்த பாட்ஜர் ஒன்றன் உடலில் மாட்டுக் காசநோய் காணப்பட்டது. பாட்ஜர் என்பது நிலத்தில் வளைதோண்டிக் கூட்டமாய் வாழ்ந்து இரவில் இரைதேடும், கறுப்பு வெள்ளைக் கோடமைந்த முகமுடைய விலங்கு. அன்றுமுதல் பழியெல்லாம் அதன் தலைமேல் ஏறிற்று. 1975 முதல் 1982 வரை அதன் வளைகளில் நச்சுவாயுவைச் செலுத்திக் கொன்றனர். ஆயினும் சந்தேகம் தீராமையால், 1998இல் ஒரு பெருஞ்சோதனை தொடங்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள 30 பகுதிகளைத் தெரிந்து, சிலவற்றில் பாட்ஜரைப் பரவலாய்க் கொன்றும், சிலவற்றில் மாட்டுநோய் கண்டவிடத்து மாத்திரம் கொன்றும், சிலவற்றில் கொல்லாதும் விட்டனர். மாண்ட பாட்ஜர்கள் ஏறத்தாழ 11,000.

2007இல் வெளிவந்த இறுதி அறிக்கை அரியதோர் உண்மையை உரைத்தது. பரவலாய்க் கொன்ற பகுதியினுள் மாட்டுநோய் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. அப்பகுதியைச் சூழ்ந்த இரண்டு கிலோமீட்டர் எல்லையிலோ ஏறத்தாழ 25 பங்கு கூடிற்று! நோய் கண்டவிடத்து மாத்திரம் கொன்ற பகுதிகளில் அது மேலும் மிகுந்தமையால், அம்முறை 2003இலேயே நிறுத்தப்பட்டது. காரணம் என்னை? பாட்ஜர்கள் தத்தம் எல்லையைக் காத்து அமைந்து வாழ்பவை. கூட்டத்திற் பலவற்றைக் கொன்றபோது எஞ்சியவை எல்லையழிந்து அலைந்தன. புதிய இடங்களையும் புதிய உறவுகளையும் நாடின. நோயையும் உடன் கொண்டுசென்றன. வீட்டை இடித்துவிட்டு, வீட்டிலிருந்தோர் ஊரெல்லாம் திரிகின்றனரே என்று வியப்பதுபோல் முடிந்தது அம்முயற்சி.

ஒருபக்கமே கூறுதல் நேர்மையன்று. 2013 முதல் அந்நாட்டார் மீண்டும் பெருந்தொகையாய்க் கொல்லத் தொடங்கியபின், கிளாஸ்டர்ஷயரிலும் சோமர்செட்டிலும் கொலை நிகழ்ந்த பகுதிகளில் மாட்டுநோய் குறைந்தது என்று 2019இல் ஓர் ஆய்வு கூறியது. ஓரிடத்துக் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, மாட்டினின்று பாட்ஜருக்குச் சென்றதினும் பாட்ஜரினின்று மாட்டுக்கு வந்ததே அடுத்தடுத்து நிகழ்ந்தது என்றும் உரைத்தது. ஆயின் அவ்வாய்வே, ஓர் இனத்திற்குள் நடந்த தொற்று இனம்விட்டு இனம் தாவிய தொற்றினும் மிகுதி என்பதையும் காட்டிற்று. 2001இல் இங்கிலாந்தில் கோமாரி நோய் பரவி, மாட்டுக் காசநோய்ச் சோதனை நின்றுபோயிருந்த காலத்தில், வெறுமையான பட்டிகளை நிரப்பச் சோதியாத மாடுகளை வாங்கினர். அவற்றோடு காசநோயும் அது முன்பு இல்லாத வட்டாரங்களுக்குச் சென்றது. அங்கே நோயை ஏற்றிச் சென்றது எந்தப் பாட்ஜர்? மாட்டு வண்டியும் விற்பனைச் சீட்டுமே ஏற்றிச் சென்றன. 2013க்குப் பின் பத்தாண்டுகளில் 2,30,000க்கு மேற்பட்ட பாட்ஜர்கள் மாண்டன. 2024இல் அந்நாட்டரசு இக்கொலையைத் தன் ஆட்சிக்காலத்துக்குள் முடித்துவிடுவதாக அறிவித்தது.

இதனினும் நுட்பமான செய்தியொன்று உண்டு. பாட்ஜருக்கும் மாட்டுக்கும் கழுத்தில் கருவி பூட்டி அவற்றின் நடமாட்டத்தைக் கணித்த அறிஞர்கள், இரண்டும் நேர்க்கு நேர் நெருங்குவதேயில்லை என்றும், பாட்ஜர் மாடு மேயும் புல்வெளியை விரும்பினும் மாட்டை விட்டு விலகியே நடக்கும் என்றும் 2016இல் கண்டறிந்தனர். அங்ஙனமாயின் கிருமி பெரும்பாலும் சென்றது மூச்சால் அன்று; இரண்டும் வெவ்வேறு வேளையில் பயன்கொண்ட நிலத்தாலும் நீராலும் சென்றிருத்தல் வேண்டும். சந்திக்காத இருவரிடையே பொதுக்கிணறு ஒன்று தூதாயிற்று என்றால், தூதைத் தடுக்கக் கிணற்றைக் காக்கவேண்டுமேயன்றி இருவருள் ஒருவரைக் கொல்லவேண்டும் என்பதில்லை.

மற்று இரு நாடுகளின் செய்தியையும் காண்க. நியூஸிலாந்தில் ரோம வாணிகத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவினின்று போசம் என்னும் மரம்வாழ் விலங்கைக் கொண்டுவந்து விட்டனர். 1967இல் அவ்விலங்கிடத்து மாட்டுக் காசநோய் காணப்பட்டது. நோய் முற்றிய போசம் இரவுநேர இயல்பை மறந்து பட்டப்பகலிற் புல்வெளியில் தள்ளாடி விழும். புதியதொன்றைக் கண்டால் முகர்ந்தும் நக்கியும் பார்ப்பது மாட்டின் குணம். அந்த ஆவலே அதற்கு எமனாகின்றது. வழி இஃது எனத் தெளிந்தபின் அந்நாட்டார் போசத்தைக் குறைத்தனர்; மாடுகளின் போக்குவரவையும் கட்டுப்படுத்தினர்; 1990களின் நடுவில் 1,700க்கு மேலிருந்த நோய்ப் பட்டிகள் பின்னர்ப் பெரிதும் குறைந்தன. ஆதலின் கொல்லுதல் எங்கும் பயனற்றது என்று யாம் கூறோம். வழியறிந்து செய்வது வேறு; வெறுப்பால் செய்வது வேறு. அப்போசத்தை அங்குக் கொணர்ந்தவர் யார் என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் 1994இல் வேடன் ஒருவன் சுட்ட வெண்வால் மானிடத்து இந்நோய் வெளிப்பட்டது. காட்டு மான் தனித்தும் பரந்தும் மேய்வது. அதனிடை இந்நோய் நிலைத்ததெப்படி? வேட்டைக்கு மான் பெருகவேண்டும் என்று விரும்பியோர், பனிக்காலத்தில் கிழங்கும் சோளமும் குவியல் குவியலாய்க் கொட்டி வைத்தனர். பல மான்கள் ஒரே குவியலில் வாய்வைத்தன. ஒன்றன் எச்சில் மற்றொன்றன் உணவாயிற்று. மான் தின்று விட்ட தீனியை உண்ட மாட்டுக்கும் நோய் சென்றதைச் சோதனையாலும் கண்டனர். 1998இல் அவ்வாறு தீனி கொட்டுதல் அங்கே தடுக்கப்பட்டது. ஈகைபோல் தோன்றிய செயலொன்று நோய்க்கு வழியமைத்த வரலாறு இது.

காட்டு விலங்கு தொடக்கத்தில் இந்நோயை எங்குப் பெற்றது? தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனத்தில் 1990இல் காட்டெருமைகளிடத்து மாட்டுக் காசநோய் காணப்பட்டது. வனத்தின் தெற்கெல்லையில் மேய்ந்த வீட்டு மாடுகளினின்றே அது உட்புகுந்தது. எருமையைத் தின்ற சிங்கங்களும் பின்னர் நோயுற்று மெலிந்து மாண்டன. மனிதரே முதலில் மாட்டைப் பழக்கியபோது காசநோயைப் பெற்றனர் என்று முன்னாளில் நூல்கள் எழுதின. ஆனால் 2002 முதல் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டோர், மனிதக் கிருமி மாட்டுக் கிருமியினின்று பிறந்ததன்று என்று காட்டினர். நெடுங்காலம் பசுவின் பெயரில் எழுதப்பட்ட கடன் பொய்க்கணக்காயிற்று. மனிதரின் கிருமியோ, அவரோடு நெருங்கி வாழும் யானை முதலியவற்றையும் பற்றுவதைக் காண்கின்றோம். கொடுப்பவரும் கொள்பவரும் இருபுறமும் உளர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். இவருட் பெரும்பாலார் மனிதரிடமிருந்தே நோயைப் பெற்றவர், இதில் ஐயமில்லை. விலங்கு வழியாக வந்த காசநோயால் 2019ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஏறத்தாழ 1,40,000 பேர் நோயுற்று, 11,400 பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. இந்திய மாடுகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2018ஆம் ஆண்டு ஆராய்ச்சி, நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேற்பட்ட மாடுகள் நோய் பற்றியனவாயிருக்கலாம் என்று கணித்தது. தொகையாக நோக்கின் அது இரண்டு கோடிக்கு மேல்.

தமிழ்நாட்டினின்று வந்த ஒரு செய்தி இவ்வாராய்ச்சியின் போக்கையே மாற்றியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பெற்ற 940 கிருமி மாதிரிகளை மரபணு வழியாய் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். அவற்றுள் தடுப்பூசிக்குரிய வகை சில இருந்தனவேயன்றி, நாம் அஞ்சும் போவிஸ் இயல்நிலையில் ஒன்றேனும் காணப்படவில்லை. அதற்குப் பதிலாக மைக்கோபாக்டீரியம் ஒரிகிஸ் என்னும் வேறு விலங்குக் கிருமி ஏழு பேரிடம் இருந்தது. ஒரிக்ஸ் என்னும் மான்வகையின் பெயர்பெற்ற இக்கிருமி சென்னைப் பக்கத்து மாட்டிடத்தும் காணப்பட்டுள்ளது. மேனாட்டார் சொன்ன பெயரையே நாமும் தேடிக்கொண்டிருந்தோம். நம் தொழுவத்திலோ வேறொன்று வாழ்ந்துவந்தது. பிறர்நாட்டுக் குற்றவாளியை நம் ஊரில் தேடுவதன் பயன் இவ்வளவே.

940இல் ஏழு என்பது சிறு தொகையன்றோ, இதற்கு இத்தனை பேச்சு வேண்டுமோ என்று நண்பர் கேட்கலாம். இக்கேள்வி நேரியது, விடையும் அவ்வாறே இருத்தல் வேண்டும். நம் நாட்டின் பொருளும் முயற்சியும் முதற்கண் மனிதர்க்கு மனிதர் தொற்றும் நோயின்மேலேயே செல்லவேண்டும். ஆனால் அவ்வெழுவர் யாராயிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். தொழுவத்தின் அருகே உறங்குவோர், விடியுமுன் மாட்டின் விலாவில் தலைசாய்த்துக் கறப்போர், சாணம் அள்ளுவோர், கன்று ஈன்றபோது கைகொடுப்போர் ஆகியோரே விலங்கு நோய்க்கு முதலில் இலக்காவோர். நோயின் பெருக்கு நாடெங்கும் ஒருபடித்தாயிராது, சிலர்மீதே குவியும். மேலும் போவிஸ் கிருமிக்குப் பைரசினமைடு என்னும் மருந்து பிறவியிலேயே பலியாது; காசநோய்க்கு முதலில் தரும் நான்கு மருந்துகளுள் அஃது ஒன்று. இன்று பெருவழக்காயுள்ள விரைவுச் சோதனையோ காசக்கிருமி உண்டு என்று கூறுமேயன்றி, எக்கிளையது என்று பிரித்துக் கூறாது. பெயரறியாது மருந்து கொடுத்தால் நோயாளிதான் அதன் விலையைச் செலுத்துவான்.

பாலைக் காய்ச்சுகின்றோமே, அது போதாதோ என்பர் வேறு சிலர். பாலைக் காய்ச்சியே பருகும் நம் இல்லத்து வழக்கம் பெரும் அரண். அதனை நம் தாய்மார்க்குரிய புகழாகவே கூறுவோம். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தல் உடலுக்கு உரமென்னும் எண்ணத்தை விட்டொழித்தலும் வேண்டும். ஆயினும் அரண் வாயிற் கதவையே காக்கின்றது. மூச்சின் வழி திறந்தே கிடக்கின்றது. காய்ச்சிய பாலை உண்பவன் காக்கப்படுவான், கறப்பவன் காக்கப்படான்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? மேனாட்டு முறைப்படி சோதித்துக் கொல்லுதல் இந்நாட்டின் பெரும்பகுதியில் இயலாது. பல மாநிலங்களிற் சட்டம் அதனை விலக்குகின்றது. சட்டம் விலக்காவிடினும், ஒற்றைக் கறவைமாட்டை நம்பி வாழும் குடும்பத்திடம் அதனைக் கொல்லென்பது அக்குடும்பத்தையே கொல்லென்பதாகும். 1931இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோதனையை நம்பாத உழவர்கள் மருத்துவரை எதிர்த்து நிற்க, ஆளுநர் படையை அனுப்ப நேர்ந்தது. இழப்பீடு கொடுத்த செல்வநாட்டிலேயே இவ்வாறாயின், ஒன்றும் கொடாத இடத்தில் உழவன் தன் மாட்டின் நோயை மறைப்பதில் வியப்பென்ன? மறைத்து அதனைச் சந்தைக்கு ஓட்டுவான். நோய் அடுத்த ஊருக்குச் செல்லும். அவனைக் குற்றவாளி என்பது எளிது. உண்மை கூறுவோன் பட்டினியாவான் என்று விதித்து வைத்த நாமும் அக்குற்றத்தில் பங்காளிகளே.

ஆதலின் யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, மாட்டைச் சோதித்தல். சோதனையில் நோய் காணின் உடையவனுக்கு முழு இழப்பீடோ மாற்றுக் கறவையோ தருதல். இரண்டாவது, நோயுற்ற மாட்டைத் தனியே பிரித்து வைத்தற்கு இடமும் தீனியும் அமைத்தல். முதிர்ந்த பசுக்களைக் காக்கும் கோசாலைகள் அருளின் பயனே. எனினும் சோதியாத பசுக்களை நெருக்கி அடைக்குமாயின், அவ்வருளே மிச்சிகன் தீனிக்குவியலைப் போலாகும். மூன்றாவது, மருத்துவசாலையும் கால்நடை மருத்துவசாலையும் ஒன்றோடொன்று பேசுதல். மாட்டில் நோய் கண்டால் அவ்வீட்டாரையும், வீட்டாரில் கண்டால் மாட்டையும் சோதித்தல். 2017இல் உலக சுகாதார நிறுவனமும் உலகக் கால்நடைச் சுகாதார அமைப்பும் பிறவும் கூடி வெளியிட்ட நெறிமுறை இதனையே வற்புறுத்துகின்றது. நான்காவது, கன்றுகட்குத் தடுப்பூசி.

இந்நான்காவதைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் குழந்தைகட்குப் பிறந்தவுடன் இடப்படும் பி. சி. ஜி. ஊசி மாட்டுக் கிருமியினின்றே பிறந்தது. கால்மெட், கெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1908 முதல் 13 ஆண்டுகள் அதனை 230 முறை மாற்றி வளர்த்து வலிகுன்றச் செய்து, 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளித்தனர். சென்னைக் கிண்டியில் 1948இல் அதற்கென ஓர் ஆய்வுச்சாலை எழுந்தது. மாடு நமக்கு நோயையும் தந்தது. அந்நோய்க்கு அரணையும் தந்தது. அவ்வூசி மாட்டுக்குப் பயன்படுமோ என எத்தியோப்பியாவில் நடந்த சோதனை 2024இல் வெளிவந்தது. ஊசியிட்ட கன்று தானும் ஓரளவு காக்கப்பட்டது. அதனினும் மேலாக, நோய் பற்றியபோதும் பிறவற்றுக்கு அதனைப் பரப்புதல் மிகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்த பயன் நூற்றுக்கு 89 என்று மதித்தனர். ஊசியிட்ட மாடு பழைய சோதனையில் நோயுற்றது போலத் தோன்றும் என்பதே இதுகாறும் இருந்த தடை. இரண்டையும் பிரித்தறியும் சோதனைகள் இப்போது உருவாகியுள்ளன. கொல்ல விரும்பாத நாட்டுக்கு இதனினும் ஏற்ற வழி வேறில்லை.

திருவாரூர்த் தெருவில் கன்றையிழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து அரசனிடம் நீதி கேட்ட கதையை நாம் சிறுவயதில் கேட்டோம். அப்பசுவுக்கு மணியிருந்தது, கேட்கும் அரசனும் இருந்தான். இன்றைய பசுவுக்குத் தன் நோயைத் தெரிவிக்க ஒரு மணியுமில்லை. சோதனை ஒன்றே அதன் மணி. அதனைத் தொங்கவிடவேண்டியவர் நாம்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவருட் பலர் ஆசிரியராகவும், அலுவலராகவும், போதகராகவும் சிற்றூர்கட்குச் செல்வர். அங்கே இருமும் ஒருவனைக் கண்டால் அவனை விலக்கும் ஊரையும், மெலிந்த மாட்டைக் கண்டால் இரவோடிரவாகச் சந்தைக்கு ஓட்டும் உடையவனையும் காண்பர். இவ்விரண்டும் ஒரே செயல். தீங்கைச் சுமத்தி ஓட்டிவிட்டோம், இனி நமக்கில்லை என்னும் நிம்மதியே இரண்டன் பயனும்.

போக்காடு வனாந்தரத்துக்குச் சென்றது என்பதோடு அச்சடங்கு முடிகின்றது. நோயின் கதையோ அங்கேதான் தொடங்குகின்றது. ஓட்டப்பட்ட ஆடு எந்தச் சுனையில் நீர் குடித்தது, எதனோடு புல் மேய்ந்தது, அது குடித்த நீரை யார் ஆடுகள் மறுநாள் குடித்தன என்று கேட்பதே நோயறிவு. குரூகர் வனமும் மிச்சிகன் காடும் கிளாஸ்டர்ஷயர்ப் புல்வெளியும் கூறும் பாடம் இதுவே: வனாந்தரத்துக்கும் நம் தொழுவத்துக்கும் இடையே மதில் இல்லை, அங்கே ஓட்டியது ஒருநாள் நம் வாயிலுக்கே திரும்பும்.